நோட்டும் போனும் சோற்று டப்பாவும்: நூலக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

நூலகத்திற்கு நேர் எதிரே நோட்டுப் புத்தகக் கடை நடத்துகிறவள் நான். ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் உண்டு. நூலகக் கதவில் இப்போது ஒட்டியிருக்கும் உங்கள் அறிவிப்புக்கு நகல் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அதில் மூன்று தடைகள் இருக்கின்றன. வாசகர்கள் சொந்தப் புத்தகமோ நோட்டோ பையோ உள்ளே கொண்டுவரக் கூடாது. தனித்தாளும் பேனாவும் மட்டும் கொண்டுவரலாம். கைப்பேசியை அணைத்து நூலகரின் மேசையில் ஒப்படைத்துவிட வேண்டும். உணவுப் பொருள் எதுவும் வளாகத்திற்குள் வரக் கூடாது, வராந்தாவிலும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

இந்த உத்தரவால் எனக்கு வருமானம் கூடியிருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் இருக்கும் பாடத்தை உள்ளே படிக்க முடியாததால் பிள்ளைகள் என்னிடம் வந்து பக்கம் இரண்டு ரூபாய்க்குப் பிரிண்ட் எடுக்கிறார்கள். நோட்டுக்குத் தடை என்பதால் வெள்ளைத்தாள் கட்டுக்கட்டாகப் போகிறது. பையை என் கடையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள், சும்மா வைத்துவிட்டுப் போகக் கூச்சப்பட்டு ஒரு ரீஃபிலாவது வாங்குகிறார்கள். கல்லாவை மட்டும் பார்த்தால் உங்களுக்கு நான் நன்றிதான் எழுத வேண்டும். ஆனால் வேலை கிடைக்காத பிள்ளையிடம், நூலகத்திற்குள் இலவசமாகச் செய்திருக்கக்கூடிய காரியத்திற்காக நாற்பது ரூபாய் வாங்கும்போது எனக்குக் கை கூசுகிறது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அரங்கைப் பார்த்துவிட்டு, எல்லோரும் சொந்தப் புத்தகத்தையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள், இது படிப்பகமாகிவிட்டது, நம் புத்தகத்தை எடுப்பார் இல்லை என்று குறைப்பட்டதாகவும் அதன் பிறகே இந்த அறிவிப்பு வந்ததாகவும் ஊரில் பேச்சு. அவர் கண்டது உண்மைதான். நாற்காலிகள் நிறைந்திருந்தன. புத்தகம் வழங்கும் பதிவேட்டில் வரிகள் குறைவாக இருந்தன. இரண்டையும் பார்த்த ஒருவர் நாற்காலி நிறைந்ததற்கு மகிழ்ந்திருக்கலாம். அவர் பதிவேட்டைப் பார்த்து வருந்தினார்.

அந்த நாற்காலிகளில் இருந்தவர்கள் யார் என்று சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று எங்கே போனாலும் பீடி சுற்றும் வீடுகள் உண்டு. எங்கள் ஊரிலும் தெருவுக்குத் தெரு உண்டு. பல வீடுகளில் இருப்பது ஓர் அறையும் ஓர் அடுக்களையும்தான். அம்மாவின் மடியில் சுளகு இருக்கும். பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, கத்தரிக்கோல், நூல்கண்டு, தூள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி; மாலைக்குள் கணக்கை முடித்துக் கடையில் ஒப்படைக்க வேண்டும். அந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் கை என்று ஒன்று இருக்க முடியாது. புத்தகத்தைப் பிடித்திருக்கும் கையும் அங்கே சும்மா இருக்கும் கைதான். "இந்த நூறை மட்டும் மடக்கிக் கொடுத்துவிட்டுப் படி" என்று அம்மா சொல்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அந்த நூறில்தான் அன்றைய பால் பாக்கெட் இருக்கிறது. நூறு முடிந்தால் அடுத்த நூறு வரும்.

அந்த வீடுகளின் பெண்பிள்ளைகள்தான் காலையில் நூலகம் திறக்கும் முன்பே என் கடைப் படியில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள். கல்லூரி முடித்தவர்கள், முடிக்காமல் விட்டவர்கள், குரூப் 4 எழுதுகிறவர்கள், காவலர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். மாலையில் பிளஸ் டூ மாணவர்கள். செய்தித்தாளுக்கு வரும் பெரியவர்கள் என்றும் உண்டு. அவர்களை உங்கள் உத்தரவு தொடவில்லை, அவர்கள் கண்ணாடி மட்டும் கொண்டுவருகிறவர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டியதை விற்கிற எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அரசுப் பள்ளியில் படிக்கும்போது பாடநூல், நோட்டு, பை, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன. காலை உணவு ஐந்தாம் வகுப்புவரை, மதியச் சத்துணவு பத்தாம் வகுப்புவரை உண்டு. இது நல்ல ஏற்பாடு. இதனால் என் வியாபாரம் குறைந்தாலும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிளஸ் டூ முடிந்த மறுநாள் இவற்றில் மிச்சமிருப்பவையும் நின்றுபோகின்றன. அன்றிலிருந்து நோட்டும் அவர்களுடைய செலவு, சோறும் அவர்களுடைய செலவு. பழைய பள்ளி நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து என்னிடம் ஸ்பைரல் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பக்கம் கோடு, நடுவில் கட்டம், கடைசியில் நாலுகோடு என்று ஒரே நோட்டில் எல்லாம் இருக்கும். அந்த நோட்டைத்தான் நீங்கள் வாசலில் நிறுத்துகிறீர்கள்.

சொந்தப் புத்தகம் ஏன் கொண்டுவருகிறார்கள் என்று கேட்கிறீர்கள். உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பொது அறிவுப் பகுதியில் தடித்த அட்டை போட்ட ஒரு நூல் இருக்கிறது. அதன்படி தமிழ்நாட்டிற்கு 32 மாவட்டங்கள். தென்காசி இன்னும் நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருக்கிறது. 2019-இல் தென்காசி தனியாகப் போனதும், இப்போது மாவட்டங்கள் 38 என்பதும் அதற்குத் தெரியாது. அந்த நூலை நம்பித் தேர்வு எழுதப் போகிற பிள்ளையின் கதி என்ன? குரூப் 4 தேர்வு மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழிலிருந்து வருகின்றன. அதற்கு அடிப்படை ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரையான பள்ளிப் பாடநூல்கள்தான். நம் நூலகத்தில் அந்தப் பாடநூல்களில் ஒரு தொகுதிகூட முழுதாக இல்லை. ஏழாம் வகுப்பு இருக்கிறது, எட்டு இல்லை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் முதல் தொகுதி மட்டும் இருக்கிறது. எங்களிடம் இருப்பதைத்தான் படிக்க வேண்டும், உங்களிடம் இருப்பதைக் கொண்டுவரக் கூடாது என்றால், இரண்டும் சேர்ந்து ஒன்றும் படிக்க வேண்டாம் என்றுதான் ஆகிறது.

சென்னையில் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. சாப்பிட இடமும் இருக்கிறது. அங்கே புத்தகம் இல்லாமலா அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள்? லட்சக்கணக்கில் நூல் வைத்திருக்கும் இடம் சொந்தப் புத்தகத்தைக் கண்டு அஞ்சவில்லை. சில அலமாரிகளே உள்ள நாம் அஞ்சுகிறோம். எங்கள் பிள்ளைகள் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து போய் அங்கே உட்கார முடியாது. பாளையங்கோட்டைக்கே தினமும் பஸ் ஏறிப் போக முடியாதவர்கள் இவர்கள். பாளையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று மேடைதோறும் சொல்கிறோம். அந்தப் பெருமையில் ஒரு பெஞ்சாவது ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்கு வரட்டும்.

இது எவரோ போட்ட பிச்சை இடமும் இல்லை. 1948-இல் இயற்றிய சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. என் கடைக் கட்டடத்திற்கும் கட்டுகிறேன். பீடி சுற்றுகிற அந்த ஓரறை வீட்டுக்காரரும் கட்டுகிறார், ரசீது வைத்திருக்கிறார். அந்தச் சட்டத்திற்காக உழைத்த சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இலேயே நூலகத்திற்கு ஐந்து விதிகள் சொன்னார். உங்கள் அலுவலகச் சுவரிலும் அவை எழுதியிருக்கும். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது அவற்றில் ஒன்று. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது மற்றொன்று. அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12 அன்று ஆண்டுதோறும் மாலை போடுகிறீர்கள். மற்ற நாட்களிலும் அவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

போனைப் பற்றி உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. சத்தமாக வீடியோ பார்க்கிறவர்களை என் கடையிலேயே நான் அதட்டியிருக்கிறேன். அழைப்பு வந்தால் அரங்கின் நடுவில் நின்று ஊர்க்கதை முழுவதும் பேசி முடிக்கிறவர்களும் உண்டு. அவர்களை வெளியே அனுப்புங்கள். ஆனால் எல்லாருடைய போனையும் அணைத்து ஒரு பிளாஸ்டிக் தட்டில் குவித்து வைக்கச் சொல்வது எந்த வகையில் சரி? திரை உடைந்தால் யார் பொறுப்பு? பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு நல்ல போன். அதை அன்றைக்கு மகள் கொண்டுவந்திருக்கிறாள் என்றால், வீட்டில் அவசரம் என்றால் அழைக்கவும் அந்த எண்தான் இருக்கிறது.

2018-இலிருந்து வந்த புதிய பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். பாடத்திற்குப் பாடம் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறது. அதைப் போனில் காட்டினால்தான் படமும் விளக்கமும் திறக்கும். பாடநூல்கள் முழுவதையும் அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. காசு கொடுத்து வாங்க முடியாத பிள்ளை அதைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டுதான் படிக்கிறாள். தேர்வுக்கு விண்ணப்பிப்பதும் நுழைவுச்சீட்டு எடுப்பதும் முடிவு பார்ப்பதும் இணையத்தில்தான். ஒரு துறை போனில் படி என்கிறது, மறுதுறை போனை வாசலில் வை என்கிறது. நடுவில் நிற்கிறவள் என் கடைக்கு வந்து, "அக்கா, இந்த ஒரு பாடத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தால் எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறாள்.

உறுப்பினர் புதுப்பித்தல் கதை இதைவிட வேடிக்கை. அதை இனி இணையம் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்றும், பதிவு செய்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் என்றும் மேசையில் சொல்கிறார்கள். அந்த எண் பெரும்பாலும் அப்பாவுடையது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார். அவர் ஷிப்டு முடிந்து ஓ.டி.பி.யைப் பார்ப்பதற்குள் அது காலாவதியாகிவிடும். திரும்பவும் முயல வேண்டும். அதற்கும் நூலக வாசலுக்கு வெளியே நின்றுதான் முயல வேண்டும், உள்ளேதான் போன் ஆகாதே.

மின்சாரத்தைத் திருடுகிறார்கள், சார்ஜ் போடுகிறார்கள் என்றும் ஒரு புகார் வந்ததாம். ஜெராக்ஸ் இயந்திரம் ஓட்டுகிறவள் என்பதால் மின்கட்டணம் எனக்கு மனப்பாடம். ஒரு சாதாரணப் போன் முழுதாக ஏறுவதற்கு இருபது, இருபத்தைந்து வாட்மணி போதும். ஒரு யூனிட்டில் நாற்பது போன் ஏறும். யாரும் இல்லாத அறையில் பகல் முழுவதும் எரியும் டியூப் லைட்டை அணைத்தாலே அதை ஈடுகட்டிவிடலாம்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்தத் தடையில்தான்.

புத்தகத்திற்கு அருகில் சோறு கூடாது. ஒரு பருக்கை விழுந்தால் எறும்பு வரும், எறும்பைத் தொடர்ந்து கரப்பான் வரும், எலி வந்தால் அட்டையிலிருந்து தையல்வரை மிஞ்சாது. காகிதத்தோடு பிழைக்கிற எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மேசையில் வைத்துச் சாப்பிடக் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தால் உங்களுக்கு முன்னால் நான் நின்று கைதூக்கியிருப்பேன். ஆனால் டப்பாவைப் பையில் கொண்டுவருவதே குற்றம், வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிடுவதும் குற்றம் என்கிறீர்கள். வராந்தாவில் புத்தகமே கிடையாது. ஒரு பழுதான சைக்கிளும் உடைந்த நாற்காலிகளும்தான் கிடக்கின்றன.

அந்த டப்பாக்களில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கும் ஒரு வாய் கொடுக்காமல் அவர்கள் சாப்பிட்டதில்லை. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோற்றோடு மோர்மிளகாய். வீட்டில் நேரம் இருந்த நாளில் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும். காய் மலிந்த நாளில் கூட்டாஞ்சோறு. சில நாள் கருவாடு. புகார் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. "கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை என்று சிலர் எழுதிக் கொடுத்தார்கள், அதனால்தான் மொத்தமாக நிறுத்திவிட்டோம்" என்று அலுவலகத்திலிருந்து வந்தவர் என்னிடமே சொன்னார். புளியோதரை மட்டும் வந்துகொண்டிருந்தால் இந்த வரி அறிவிப்பில் ஏறியிருக்குமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

படிக்கிற இடத்தில் யார் எதைச் சாப்பிடுவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது எங்கள் ஆற்றங்கரையில் புதிய வழக்கு இல்லை. 1920-களில் சேரன்மகாதேவியில் வ.வே.சு.ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதால் எழுந்த பிரச்சினை காந்தியடிகள்வரை போயிற்று. தமிழ்நாட்டு அரசியலையே அது திருப்பிவிட்டது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர் நடத்திய இடத்திலேயே பந்தி ஒரு சிக்கலாகிவிட்டது என்றால் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? அதே பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில்தான் 1956-இல் காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கி வைத்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சோற்றைக் காட்டிப் பிள்ளையைப் பாடத்திற்கு அழைத்த மண்ணில், சோற்றைக் காரணம் காட்டிப் பிள்ளையை வெளியே அனுப்புகிறீர்கள்.

அறிவிப்புக்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன். பையன்கள் பரோட்டா கடைக்குப் போகிறார்கள். கையில் காசு இருக்கும் நாளில் சாப்பிடுகிறார்கள், இல்லாத நாளில் டீயும் வடையும். பெண்கள் அந்தக் கடைகளில் போய் உட்கார முடியாது. ஒருத்தி பூட்டிக் கிடக்கும் அரிசி மண்டிப் படியில், சாலையில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள். மறுநாளிலிருந்து அவள் டப்பா கொண்டுவரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மாலைவரை உட்கார்ந்திருக்கிறாள். என் கடையில் பின்பக்கம் இடம் தருகிறேன், மூன்று பேர் உட்காரலாம். நான்காவது ஆள் வந்தால் ஜெராக்ஸ் இயந்திரத்தை நகர்த்த வேண்டும்.

மற்றவர்கள் மதியம் வீட்டுக்குப் போகிறார்கள். போகிறவர்கள் பிற்பகல் திரும்புவதில்லை. இதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். பெண்களைச் சாயங்காலம்வரை நூலகத்தில் இருத்தி வைத்தது அந்தச் சோற்று டப்பாதான். சாப்பிட வீட்டுக்குப் போனால் சுளகு காத்திருக்கும், தம்பி தங்கை காத்திருப்பார்கள், குழாயில் தண்ணீர் வரும் நேரமாக இருக்கும். சித்திரை வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து போனவள் மறுபடி இரண்டு கிலோமீட்டர் நடந்து வர வீட்டில் யார் விடுவார்கள்? டப்பாவை நிறுத்தியபோது நீங்கள் பெண்களின் பிற்பகல் முழுவதையும் நிறுத்திவிட்டீர்கள். உங்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது என்றே நம்புகிறேன். ஆனால் மூன்று மணிக்கு அரங்கில் இப்போது பெண்கள் வரிசை காலியாகக் கிடக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு நூலகத்தின் மீது பற்று இல்லை, வெறும் நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் வருகிறார்கள் என்று ஒரு பேச்சு இருப்பதால் இதையும் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நூலகத்தின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்தன. வடிந்ததும் முதலில் வந்து நின்றவர்கள் இதே குரூப் 4 கூட்டம்தான். என் கடையிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த பழைய செய்தித்தாள்களை எடுத்து வந்து, பத்துப் பக்கத்திற்கு ஒரு தாள் என்று செருகிச் செருகி, மாடியில் நிழலில் பரப்பி உலர்த்தினார்கள். வெயிலில் போட்டால் பக்கம் நெளிந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நூலகர். தங்கள் வீட்டுச் சுவர் இன்னும் ஈரமாக இருக்கும்போது வந்து செய்தார்கள். அன்றைக்கு அவர்களிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை.

நூலகரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மடல் அவருக்கு எதிரானது என்று தயவுசெய்து யாரும் திருப்பிவிட வேண்டாம். திறப்பது, பெருக்குவது, பதிவது, அடுக்குவது, அலுவலகத்திற்குக் கணக்கு அனுப்புவது எல்லாம் அவர் ஒருவரே. அறிவிப்பை ஒட்டும்போது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் கையொப்பமிட்டது உங்கள் உத்தரவுக்காக.

நான் கேட்பவை இவை.

அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். திருத்தி ஒட்டுவது போதாது, எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, மேசையில் சாப்பிடக் கூடாது, போனை ஒலியின்றி வைக்க வேண்டும், பேசுவதென்றால் வெளியே போக வேண்டும் என்ற மூன்று வரிகளை எழுதி ஒட்டுங்கள். அவற்றை மீறுகிறவர் யாராக இருந்தாலும் வெளியே அனுப்ப நூலகருக்கு முழு அதிகாரம் கொடுங்கள்.

வராந்தாவில் கிடக்கும் உடைசல்களை அகற்றி, இரண்டு பெஞ்சு, ஒரு குடிநீர்க் குழாய், மூடி போட்ட குப்பைத்தொட்டி வையுங்கள். பெஞ்சுக்கு நிதி இல்லை என்றால் எங்கள் கடைத்தெரு வியாபாரிகளிடம் நான் வசூல் செய்து தருகிறேன், அனுமதிக் கடிதம் மட்டும் கொடுங்கள். அங்கே என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று எந்தப் பட்டியலும் போடாதீர்கள். பூட்டியே கிடக்கும் கழிப்பறையின் சாவியை நூலகரிடம் கொடுங்கள். பெண்கள் அதற்கும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். வரட்டும், ஆனால் நான் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வார்கள்?

சொந்தப் புத்தகம், நோட்டோடு உட்காரத் தென்பக்க வரிசையை ஒதுக்குங்கள். புத்தகம் களவு போகும் என்ற பயம் இருந்தால் பையை வாசலருகே வைக்க ஓர் அடுக்கு போடுங்கள், நோட்டையும் டப்பாவையும் உள்ளே விடுங்கள். ஆறு முதல் பத்துவரை பாடநூல்கள் முழுத் தொகுதியாக இரண்டு பிரதி வேண்டும். பொது அறிவு நூல்களில் காலாவதியானவற்றைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்குங்கள். 32 மாவட்ட நூலை முதலில் எடுத்துவிடுங்கள். உறுப்பினர் அட்டையை நேரில் வந்தும் புதுப்பிக்கலாம் என்று மேசையில் எழுதி வையுங்கள்.

கடைசியாக, உட்கார்ந்து படித்துவிட்டுப் போகிறவர்களையும் கணக்கில் சேருங்கள். வருகைப் பதிவேட்டில் காலை, பிற்பகல் என்று இரண்டு வேளையும் தலை எண்ணி எழுதச் சொல்லுங்கள். பெண்கள் எத்தனை பேர் என்று தனியாக எழுதட்டும். மூன்று மாதம் கழித்து அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இது நூலகமா படிப்பகமா என்று பேசுவோம்.

இதற்கு எழுத்து மூலமான பதிலை முப்பது நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், நூலக வரி ரசீதுகளோடு, வாசகர்கள் கையெழுத்திட்ட மனுவைத் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துகள் என் கடையில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

இப்படிக்கு,
நூலகத்திற்கு எதிர்க்கடைக்காரி,
தாமிரபரணிக் கரை, திருநெல்வேலி மாவட்டம்